ஆவன செய்யப்பட்டது

விசாரணைக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது மன்றத் தலைவர் காளிங்கன், சேவை ஆணையர் தில்லைநாயகியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தார்.

"'செவியில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு.' அவ்வளவுதான் மேடம். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். மெஷினுக்கு மானம் ரோஷம் கிடையாது, பிள்ளை குட்டி கிடையாது. பழிய அது தலையில போட்டா யாருக்கு என்ன போச்சு?"

தில்லைநாயகி தலையாட்டினாள். முப்பத்தோரு வருட அரசுப் பணியில் அவள் தலையாட்டாத நாள் ஒன்றுகூட இல்லை.

கடல் உள்ளே வந்து கழிமுகத்துக் கிராமங்களை இருபத்தாறு திட்டுகளாகத் துண்டாடிய பிறகு, தலைநகரில் இருந்தவர்களுக்கு அந்தப் பகுதி தீராத தலைவலியாகிவிட்டது. தலைவலியை இறக்கி வைக்க ஒரு வழி கண்டுபிடித்து, அதற்குத் தன்னாட்சி என்று மரியாதையான பெயரும் வைத்தார்கள். தண்ணீர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, படகு எல்லாம் இனி உங்கள் பாடு என்று கழிமுகத் தன்னாட்சி மன்றத்திடம் ஒப்படைத்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை சட்டமன்றக் குழு ஒன்று மன்றம் இருக்கும் சேந்தங்கரைக்கு வந்து, இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேள்வி கேட்டுவிட்டு, மதியம் விரால் குழம்பு சாப்பிட்டுவிட்டு, நாலு மணி ரயிலில் திரும்பிப் போகும்.

மன்றத்தில் ஆட்கள் குறைவு. இருபத்தாறு திட்டுக்கும் சேர்த்து நாற்பது அதிகாரிகள். அதனால்தான் செவி என்ற கணினி வந்தது. மனுக்களைப் படிக்கும். ஃபோனில் சொன்னால் கேட்டுக்கொள்ளும். எந்தப் படகு எந்தத் திட்டுக்கு என்றைக்குப் போக வேண்டும் என்று அதுவே முடிவு செய்து அனுப்பும். அதற்கு விதிமுறை என்று யாரும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. பழைய தாலுகா அலுவலகங்களின் அறுபது வருடக் கோப்புகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து அதற்குப் படிக்கக் கொடுத்தார்கள். நம் அதிகாரிகள் எப்படி வேலை செய்தார்களோ அப்படியே அதுவும் செய்யட்டும் என்று மன்றம் தீர்மானம் போட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். தில்லைநாயகியும் தட்டினாள்.

இன்றைய பட்டியலில் வினா பதினான்கு இப்படி இருந்தது: பனைத்திட்டைச் சேர்ந்த வைரக்கண்ணு என்பவர் ரத்தப் படகு வராததால் இறந்தது உண்மையா? உண்மையெனில் காரணம் யாது?

ரத்தப் படகு என்பது ஊரார் வைத்த பெயர். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரங்களோடு திட்டு திட்டாகத் தானே போகும் ஓட்டுநரில்லாப் படகு அது. உள்ளே ஒரு நர்ஸ் மட்டும் இருப்பாள். உப்பு ஏறிய கிணற்றுத் தண்ணீரையே குடித்துக் குடித்து, கழிமுகத்தில் வீட்டுக்கு ஒருவருக்காவது அந்த நோய் இருந்தது. புயலில் பனைத்திட்டின் படகுத்துறை உடைந்ததும், நிற்க இடமில்லை என்று செவி அந்தப் படகை வேறு பக்கம் திருப்பிவிட்டது. மறுபடி அனுப்பச் சொல்லி வைரக்கண்ணுவின் மனைவி அஞ்சம்மா குறை தீர்க்கும் நாளன்று மனுவோடு வந்தாள். அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முழுக்கக் கேட்டு, மனுவின் மேல் பச்சை மையில் "ஆவன செய்க" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் தில்லைநாயகிதான். போட்டு, ஒரு நகலும் கையில் கொடுத்து அனுப்பினாள். மூன்று மாதம் ஆகிறது. தான் உத்தரவு போட்டும் படகு ஏன் போகவில்லை என்பது மட்டும் அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அது விளங்கியது காளிங்கனின் அறையை விட்டு வெளியே வந்தபோதுதான். செவியைப் பராமரிக்கும் பொறியாளர் ஜெஸிந்தா நடைவழியில் காத்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன் மேடம். கோளாறு எதுவும் இல்ல."

"அப்புறம்? என் உத்தரவு அதுக்குப் போய்ச் சேரலையா?"

"சேந்துச்சு. படிச்சுது. படிச்ச உடனே மனுவ மூடிடுச்சு."

"மூடிடுச்சா? நான் செய்யச் சொல்லித்தானேம்மா எழுதினேன்?"

"நீங்க 'ஆவன செய்க'ன்னு எழுதுனீங்க மேடம்." ஜெஸிந்தா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "செவிக்கு அகராதியெல்லாம் கிடையாது. ஒரு வார்த்தைய எழுதுன பிறகு என்ன நடந்துச்சோ, அதுதான் அதுக்கு அந்த வார்த்தையோட அர்த்தம். 'தண்ணி லாரி அனுப்பவும்'னு எழுதியிருந்தா, அடுத்த தாள்ல லாரி போன குறிப்பு இருக்கும். சரி, இதுக்கு லாரி அனுப்பணும்னு கத்துக்கும். 'ஆவன செய்க' பழைய கோப்புல ரெண்டு லட்சத்துப் பதினாலாயிரம் இடத்துல இருக்கு. நூத்துக்குத் தொண்ணூத்தாறு கோப்புல அதுதான் கடைசித் தாள். அதுக்கப்புறம் ஒண்ணுமே கிடையாது. நாடா கட்டி அலமாரியில வச்சுட்டாங்க. அதனால அது என்ன புரிஞ்சுக்கிச்சுன்னா..."

"வேலை முடிஞ்சுதுன்னு."

"ஆமா மேடம். இனிமே இத யாரும் தொட வேண்டாம்னு."

தில்லைநாயகி சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். முப்பத்தோரு வருடத்தில் அந்த இரண்டு வார்த்தைகளை எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பாள்? எதிரே நிற்பவர் கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும், அடுத்தவர் வர வேண்டும், அதற்காக எழுதியவைதான் பாதிக்கு மேல். அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. ஆபீஸ் பழக்கம், அவ்வளவுதான்.

"ஆனா அன்னைக்கு நான் நிஜமாத்தாம்மா எழுதினேன்," என்றாள். "மனசார எழுதினேன்."

"அது அதுக்கு எப்படி மேடம் தெரியும்?" என்றாள் ஜெஸிந்தா. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

விசாரணைக் கூடத்தில் குழுத் தலைவர் திருமேனிநாதன் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் வருவாய் அமைச்சராக இருந்தவர். எண்பதை நெருங்கினாலும் குரலில் கம்பீரம் குறையவில்லை. இருபுறமும் எட்டு உறுப்பினர்கள். அவர்களுக்குப் பின்னால் பெரிய திரை. அங்கே பேசுவதையெல்லாம் எழுதிக்கொள்வதும் செவிதான். ஒவ்வொரு வினாவும் முடிய முடிய, திரையில் அதற்கு நேரே 'முடிக்கப்பட்டது' என்று வரும்.

முதல் பதின்மூன்று வினாக்கள் வழக்கம்போல ஓடின. நீலந்திட்டுப் பள்ளியில் சுவர்க் கடிகாரம் உண்டா என்று ஒருவர் கேட்டார். உண்டு, ஓடவில்லை என்று பதில் வந்தது. ஓடாத கடிகாரத்தைக் கடிகாரம் என்று கணக்கில் எடுக்கலாமா என்று இன்னொருவர் கேட்க, அதன் மேல் கால் மணி நேரம் போனது. காளிங்கன் எல்லாவற்றுக்கும் புன்னகையோடு பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தில்லைநாயகி கதவருகே போட்டிருந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சம்மா அதன் நுனியில், எந்த நேரமும் எழுந்துகொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில், பிளாஸ்டிக் உறைக்குள், அந்த மனுவின் நகல்.

வினா பதினான்குக்கு அவளைக் கூப்பிட்டார்கள்.

"வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கம்மா, பதிவுக்காக," என்றார் தலைவர்.

"அந்தத் தாள்ல இருக்குங்கய்யா."

"நீங்க உங்க வாயால சொல்லணும்."

அஞ்சம்மா தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பெயரை வாயால் சொல்லாத பழக்கம் மற்ற ஊர்களில் எப்போதோ போய்விட்டது. பனைத்திட்டில், அவள் வயதுப் பெண்களிடம் மட்டும் போகவில்லை. உறுப்பினர் ஹாஜிரா பானு குறுக்கிட்டு, "விடுங்க சார், தாளைப் பாத்து எழுதிக்கலாம். நீங்க நடந்ததச் சொல்லுங்கம்மா," என்றார்.

"துறை ஒடஞ்சதோட படகு வர்றது நின்னு போச்சுங்க. எங்க திட்டுல ஏழு பேரு அந்தப் படக நம்பி இருந்தாங்க. மத்த ஆறு பேரும் ரெண்டு தோணி மாறி இந்த டவுன் ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பிச்சிட்டாங்க. வர மூணு மணி நேரம், போவ மூணு மணி நேரம். கஷ்டந்தான். ஆனா வந்தாங்க. உசுரோட இருக்காங்க. நாங்க மட்டுந்தான் வரல."

"ஏம்மா வரல?"

"எங்ககிட்டதான் அம்மா கையெழுத்து இருந்துச்சேங்க."

அவள் தில்லைநாயகியைப் பார்த்துத்தான் அதைச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அந்தப் பார்வையில் அப்போதும் ஒரு மரியாதை இருந்தது. தில்லைநாயகிக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"கால் ரெண்டும் வீங்கிப் போச்சு, நடக்க முடியாது. தோணிக்குத் தூக்கிட்டுப் போவமான்னு கேட்டேன். 'வேணாம் புள்ள, ஆபீசரம்மாவே பச்ச மையில எழுதிக் குடுத்துருக்காங்க, படகு வந்துரும்'னாங்க. செவிக்குப் போனு போட்டுக் கேட்டேன். 'ஆவன செய்யப்பட்டது'ன்னு சொல்லுச்சு. செய்யப்பட்டதுன்னா செஞ்சாச்சுன்னுதானங்க அர்த்தம்? சரி, படகு கெளம்பிருச்சுன்னு ஒடஞ்ச துறையிலயே போயி உக்காந்தோம். மறாநாளும் போனோம். மறுபடி போனு போட்டேன். அதையேதான் சொல்லுச்சு. பதினோரு நாளு போனோம். எட்டாம் நாளுக்கு மேல அவுங்களால உக்கார முடியல, பாய் போட்டுப் படுக்க வச்சேன். அக்கம்பக்கத்துல, தோணியில ஏத்து அஞ்சம்மான்னு சொல்லத்தான் செஞ்சாங்க. நாங்க அந்தாண்ட போன நேரத்துல படகு வந்து, ஆளக் காணுமின்னு திரும்பிப் போயிட்டா என்னா பண்றதுன்னு பயந்துகிட்டேங்க."

ஹாஜிரா பானு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஆணையர் அவர்களே," என்றார் தலைவர். "காரணம் யாது?"

தில்லைநாயகி எழுந்தாள். காளிங்கன் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அந்த ஒரு வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது. சொல்லிவிட்டு உட்கார்ந்தால், இன்னும் இரண்டு வருடத்தில் மாலை மரியாதையோடு ஓய்வு பெறலாம். தலையாட்டிப் பழகிய கழுத்து, ஆட்டப் பார்த்தது.

"கோளாறு எதுவும் இல்லை," என்றாள். "செவி, நாங்கள் கற்றுக்கொடுத்ததைத்தான் செய்தது. நான் 'ஆவன செய்க' என்று எழுதியதால்தான் அந்த மனுவை மூடியது."

காளிங்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெஸிந்தா எழுந்து, நடைவழியில் சொன்னதையே குழுவுக்கும் சொன்னாள். ரெண்டு லட்சத்துப் பதினாலாயிரம் என்றபோது ஒரு உறுப்பினர் சிரித்துவிட்டார். பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை என்று கண்டு, இருமுவதுபோல மாற்றிக்கொண்டார்.

"இதையெல்லாம் எழுதினது யாரு?" என்று கேட்டார் ஹாஜிரா பானு.

"எல்லாரும்தான் மேடம். கிளார்க்குலேருந்து அமைச்சர் வரைக்கும்." ஜெஸிந்தா தயங்கினாள். "ஐயா எழுதுனதும் நாலாயிரத்துக்கு மேல இருக்கு."

திருமேனிநாதன் மேஜை மேல் இருந்த தன் பேனாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்போ என்ன எழுதினாத்தான் அது அசையும்?" என்று மறுபடி கேட்டார் ஹாஜிரா பானு.

"'நேரில் பார்த்தேன்.' மூடுன மனுவத் திறக்க அது ஒண்ணுதான் மேடம், 'படகு அனுப்பவும்'னு எழுதுனாலும் திறக்காது. யாராவது அதிகாரி கிளம்பிப் போய்ப் பாத்துட்டு வந்து எழுதுன கோப்ப மட்டும் மறுபடி திறந்து, பின்னாடி ஏதோ ஒரு வேலை நடந்திருக்கு. அறுபது வருஷத்துல மூவாயிரத்துச் சொச்சம். கம்மிதான். ஆனா செவி அதக் கெட்டியாப் பிடிச்சு வச்சிருக்கு."

"அப்ப இங்க உக்காந்தே அத எழுதிட்டாப் போச்சு," என்றார் காளிங்கன் அவசரமாக.

"ஏத்துக்காது சார். போகாமலே போனேன்னு எழுதுனவங்களும் பழைய கோப்புல நெறய இருக்காங்க. அதையும் கத்துக்கிச்சு. எழுதுறவரோட ஃபோன் அந்த ஊர்ல இருந்தாத்தான் நம்பும்."

"மாற்றி அமைக்க முடியாதா?" என்று காளிங்கனே மறுபடி கேட்டார்.

"அதுக்கு மன்றத் தீர்மானம் வேணும் சார். தீர்மானத்தோட கடைசி வரியில என்ன எழுதுவீங்கன்னு உங்களுக்கே தெரியும்."

திருமேனிநாதன் அஞ்சம்மாவின் பக்கம் திரும்பினார். அந்த மனிதர் உண்மையாகவே கலங்கிப் போயிருந்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். "உங்களுக்கு என்னம்மா வேணும்? தயங்காமக் கேளுங்க."

"எனக்கு என்னங்கய்யா இனிமே? மத்த ஆறு பேருக்கும் படகு வரணும். ஒவ்வொரு தடவையும் தோணியிலேருந்து எறங்கும்போது பாதி உசுராத்தான் எறங்குறாங்க."

"கட்டாயம் வரும்மா. இந்தக் குழு இதற்கு உடனடியாக ஆவன செய்யும்."

பின்னால் திரை லேசாக மின்னியது. வினா 14: முடிக்கப்பட்டது.

தலைவர் திரும்பிப் பார்த்தார். காது வரை சிவந்துவிட்டார். "இல்லை, இல்லை. உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்று குறித்துக்கொள்ளவும்."

முடிக்கப்பட்டது.

"சம்பந்தப்பட்ட துறைக்கு அறிவுறுத்தப்படும்."

முடிக்கப்பட்டது.

"முன்னுரிமை அடிப்படையில்... போர்க்கால அடிப்படையில்..." அவருக்குத் தெரிந்த சொற்களெல்லாம் தீர்ந்துகொண்டு வந்தன. ஒவ்வொன்றுக்கும் திரை பணிவாக ஒரே பதிலைச் சொன்னது. அறுபது வருடம் அரசியலில் பேசிப் பேசியே வாழ்ந்தவர், பேச ஒரு வார்த்தை இல்லாமல் நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"பனைத்திட்டுக்குப் படகில் ஒன்றரை மணி நேரம்தான்," என்றாள் தில்லைநாயகி. "குழு வந்து பார்க்கலாம்."

உறுப்பினர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நாலு மணி ரயிலைப் பற்றி ஒருவர் முணுமுணுத்தார். ஹாஜிரா பானு எழுந்து, "நான் வர்றேன்," என்றார். செயலாளர் விதிப் புத்தகத்தோடு அவரிடம் குனிந்து, பயணத் திட்டத்தில் இல்லாத இடத்துக்கு உறுப்பினர் தனியே போவதற்குக் குழுவின் தீர்மானம் தேவை, தீர்மானத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு தேவை என்று விளக்கினார். ஹாஜிரா பானு நின்றபடியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் காளிங்கன் தில்லைநாயகியை ஓரமாகக் கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. "அஞ்சு மணிக்கு சஸ்பென்ஷன் ஆர்டர் வந்துரும் மேடம். எனக்கு வேற வழி இல்ல. அதுக்குள்ள ரூம்ல இருக்கிற சாமானெல்லாம் எடுத்துக்குங்க."

அவள் மணியைப் பார்த்தாள். ஒன்றே முக்கால். அறைக்குப் போகவில்லை. அஞ்சம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் படகுத்துறைக்குப் போனாள்.

மன்றத்தின் ரோந்துப் படகை ஓட்டியவர், எதுவும் கேட்காமல் எடுத்தார். வழியில் மூழ்கிய ஊர்களின் தண்ணீர்த் தொட்டிகள் மட்டும் கடலுக்கு மேல் நின்றன. அஞ்சம்மா கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு மணி நேரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்து, கடைசியில் தில்லைநாயகி வாயைத் திறந்தாள்.

"அஞ்சம்மா, என்னால்தான். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கக்கூட எனக்கு வாய் வரல."

"நீங்க நல்ல மனசோடதாம்மா எழுதுனீங்க. எனக்குத் தெரியாதா? தண்ணி குடுத்து உக்கார வச்சீங்களே. அத ஊட்டுல போயிச் சொன்னேன். அதுனாலதான் அவுங்க அம்புட்டு நம்புனாங்க."

தில்லைநாயகி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஓட்டுநர் முன்னால் பார்த்துக்கொண்டார்.

பனைத்திட்டின் கிழக்கே பழைய துறை இரண்டாகப் பிளந்து கிடந்தது. அங்கே போவார் என்று அவள் நினைத்தபோது, ஓட்டுநர் படகைத் திருப்பித் திட்டின் மேற்குப் பக்கம் கொண்டுபோனார். பனந்தடிகளைச் செருகி, மேலே பலகை அடித்து, நீளமாக ஒரு துறை அங்கே இருந்தது. பத்துப் பதினைந்து தோணிகள் கட்டியிருந்தன.

"இது எப்போ போட்டது?"

"பொயலுக்கு மறு வாரமே எங்க ஆளுங்க போட்டுட்டாங்கம்மா," என்றாள் அஞ்சம்மா. "தோணி கட்ட எடம் வேணும்ல?"

"ரத்தப் படகு இதில நிக்குமா?"

"தாராளமா நிக்கும். பழைய துறையவிட இஞ்ச ஆழம் சாஸ்தி."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரும் வந்து கேக்கலையேம்மா."

படகு வந்தால் பழைய துறைக்குத்தான் வரும் என்று அவர்கள் அங்கேயே காத்திருந்திருக்கிறார்கள். துறை உடைந்தது என்ற குறிப்பைப் பார்த்து, படகு நிற்க இடமில்லை என்று செவி முடிவு செய்திருக்கிறது. இரண்டு இடத்துக்கும் நடுவே நடந்தால் பத்து நிமிடம். தில்லைநாயகி நடந்து போய்ப் பார்த்தாள். உடைந்த துறையின் ஓரத்தில், ஒரு புங்கமரத்தடியில், சுருட்டிய கோரைப் பாய் இன்னும் சாய்த்து வைத்திருந்தது. எடுத்துப் போக மனசு வரவில்லை என்றாள் அஞ்சம்மா. மூன்று மாதத்துக்கு முன்பு ஒரே ஒரு நாள் வந்திருந்தால் போதும். ஒரே ஒரு மதியம்.

அவள் ஃபோனை எடுத்து, அஞ்சம்மாவின் பழைய மனுவைத் தேடி, அதன் கீழ் எழுதினாள். "பனைத்திட்டின் மேற்கே மீனவர் துறை உள்ளது. ரத்தப் படகு தாராளமாக நிற்கும். நேரில் பார்த்தேன்."

மணி நான்கு பத்து. சில விநாடிகள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பதில் வந்தது: மனு மீண்டும் திறக்கப்பட்டது. படகு ஆலந்திட்டிலிருந்து புறப்பட்டது.

செய்தி திட்டு முழுக்கப் பரவ ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நோயாளிகள் ஆறு பேரையும் அவரவர் வீட்டார் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து மேற்குத் துறையில் உட்கார வைத்தார்கள். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், சிவப்புப் பட்டை போட்ட அந்த வெள்ளைப் படகு திரும்பி உள்ளே வந்தது. யாரோ குலவை இடத் தொடங்கி, அஞ்சம்மா நிற்பதைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். படகு பலகையோரம் சாதுவாக வந்து நின்றது. கதவு திறந்தது. ஒலிபெருக்கியில் செவியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பனைத்திட்டு. முதல் பெயர், வைரக்கண்ணு. உள்ளே வரவும்."

ஒருவரும் அசையவில்லை.

"வைரக்கண்ணு. உள்ளே வரவும்."

தில்லைநாயகிக்கு அப்போதுதான் உறைத்தது. செவி திறந்தது அந்த மனுவைத்தான். அது யாருக்கான மனுவோ, அந்தப் பெயர்தான் திட்டின் நோயாளிப் பட்டியலில் முதலில் வரும். இறந்தவரின் பெயரை யாரும் எடுக்கவே இல்லை. மூடிய கோப்பில் யார் போய்ப் பெயரை எடுப்பார்கள்? பதறிக்கொண்டு ஃபோனைத் திறந்தாள். திரையில் ஒரு வரி மட்டும் இருந்தது: தங்களுக்கு அனுமதி இல்லை. மணி ஐந்து ஒன்று.

நர்ஸ் கதவருகே வந்து, கையை விரித்தாள். "முதல் பேருக்குப் பதில் வராம அடுத்தது கூப்பிடாதும்மா. என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"வைரக்கண்ணு வரவில்லை எனில், மனுதாரர் நோயாளியின் பெயரைச் சொல்லிப் பதில் தரவும்," என்றது குரல்.

ஆறு பேரும் அஞ்சம்மாவைப் பார்த்தார்கள். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். தில்லைநாயகி அவள் தோளைத் தொட்டாள்.

அஞ்சம்மா பலகை மேல் நடந்து, படகுக்கு எதிரே போய் நின்றாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். முப்பத்தெட்டு வருடமாக ஒருநாளும் சொல்லாத பெயர். முதல் தடவை உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது.

"வைரக்கண்ணு..." என்றாள். "வைரக்கண்ணு எறந்துட்டாங்க. நீ வருவேன்னு பாத்துப் பாத்துத்தான் எறந்தாங்க. அடுத்த பேரக் கூப்புடு."

கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு படகு அடுத்த பெயரைக் கூப்பிட்டது.